அத்தானை வங்குரோத்தாக்கும் திட்டம்

கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்த கனடா அண்ணை, வான் வண்டியின் கதவைத் திறந்து ஏசியைக் கூட்டச் சொன்னார். பிறகு, திருப்பதிக்குப் போய்வந்த கதையைச் சொல்பவர் போல வெகு சாதாரணமாகச் சொன்னார்:

"நான் ரெண்டு தரம் பாங்க்ரப்சி அடிச்சனான்."

அவர் எங்கள் பெரியப்பாவின் மகன். ஊர்க் கோயில் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். கழுத்தில் கிடந்த சங்கிலியால் ஒரு மாட்டைக் கட்டலாம். அப்படியொரு சங்கிலியோடு நிற்கும் மனிதர், தான் கடன் கட்ட வழியில்லாமல் வங்குரோத்தானவர் என்று சொன்னால் யாருக்கு நம்ப வரும்? அக்கா நம்பவில்லை. "பகிடி விடாதையுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு ஈரத்துணிகளைப் பையில் அடைத்தாள். அக்காவின் கணவரான அத்தான் மட்டும் துவாயைத் தோளில் போட்டபடி அசையாமல் நின்றார்.

"அப்ப கடன் குடுத்தவை?"

"அவை என்ன செய்யிறது? பேசாமல் இருக்க வேண்டியதுதான். இதுக்கெண்டு அங்கை ஆக்கள் இருக்கினம், எங்கடை தமிழ் ஆக்கள். பேப்பரிலை முழுப்பக்கத்துக்குச் சிரிச்சுக்கொண்டு நிப்பினம். போனால் தேத்தண்ணி தருவினம். கையெழுத்து வைச்சால் சரி."

"வரி?" அத்தானின் குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"வரியும்தான். அதையும் சேர்த்துக் கழுவியாச்சு."

அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை பிடித்தது. எங்கள் நாடே வங்குரோத்து என்று அறிவித்த நாடு. அறிவித்துவிட்டு, கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு இருத்திக் கதைத்து, கழிக்கக்கூடியதைக் கழித்து, பிறகு ஒன்றும் நடவாதது போல வாகனம் இறக்குமதி செய்யவும் தொடங்கிவிட்டது. ஒரு நாடு செய்யலாம், ரொறன்ரோவில் ஓர் அண்ணை செய்யலாம் என்றால், கொக்குவிலில் ஓர் அத்தான் ஏன் செய்யக் கூடாது?

நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவள். நாடுகளின் கடனைப் பற்றி முப்பது பக்கம் எழுதச் சொன்னால் இடையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுதுவேன். எங்கள் வீட்டில் அந்தப் படிப்புக்கு அதுவரை ஒரு வேலையும் கிடைக்கவில்லை. இதோ, முதல் வேலை.

அத்தானின் தொழில் கலியாணங்களுக்கு மணவறை போடுவது. மணவறையோடு பந்தல், கதிரை, மின்விளக்குச் சோடனை, ஜெனரேற்றர் எல்லாம் அவருடையதே. இவ்வளவையும் ஏற்றி இறக்க ஒரு லொறி. லண்டனிலும் கனடாவிலும் இருப்பவர்கள் ஊரில் வந்து கலியாணம் செய்யத் தொடங்கிய பிறகு அவருக்கு இருக்க நேரமில்லை. தாமரைப்பூ மணவறை, மயில் மணவறை, அன்னம் வாயைத் திறந்து புகை விடும் மணவறை என்று ஆளுக்கொரு ஆசை. காசு வந்தது. வரி மட்டும் போகவில்லை. வரி என்பது கொழும்பில் கோட் போட்டவர்கள் கட்டுவது என்று அவர் மெய்யாகவே நம்பியிருந்தார். சண்டைக் காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்தாயிற்று, இனி ஒருவருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் அவருடைய வரிக் கொள்கை. பொருளியல் புத்தகங்களில் நான் படித்த பல கொள்கைகளைவிட அது தெளிவாக இருந்தது.

முதலில் வந்த அறிவித்தல்களை அவர் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார். சாமியும் கட்டவில்லை. தண்டமும் வட்டியும் ஏறி, கடைசியில் வரிக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து, லொறியைச் சுற்றிப் பார்த்து, ஃபோனில் நாலு படம் எடுத்துக்கொண்டு போனார். கட்டாவிட்டால் லொறியை எடுத்து விற்பார்கள். லொறி போனால் மணவறையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டா போவது? அக்கா வீட்டு அடுப்பும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அந்த லொறியில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஆகவே நான் படித்தேன். கனடாவின் சட்டம், அமெரிக்காவின் சட்டம், இங்கிலாந்தின் சட்டம். அமெரிக்காவில் வரி போதுமான அளவு பழசாகியிருந்தால், கணக்கை ஒழுங்காகக் காட்டியும் இருந்தால், வங்குரோத்தில் அது கரைந்துபோகலாம் என்று வாசித்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. பழசு என்ற விஷயத்தில் அத்தானின் வரியை எவரும் வெல்ல முடியாது. கணக்குக் காட்டியிருக்க வேண்டும் என்ற பாதியை நான் வேகமாகத் தாண்டிப் போனேன். இலங்கையின் சட்டத்தைத் தேடவே இல்லை. அது எங்கே போகப்போகிறது, இங்கேதானே இருக்கும்.

மறுநாள் அக்கா வீட்டு முற்றத்தில் திட்டத்தை விளக்கினேன். மதிலுக்கு அப்பால் ரயில் போனதால் நடுவில் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது. அத்தான்தான் முதலில் உற்சாகமானார்.

"அப்ப நான் கோட்டிலை போய், என்னட்டை ஒண்டும் இல்லையெண்டு சொன்னால் சரியோ?"

"ஓம் அத்தான். சட்டப்படி."

"அது எனக்குப் பழக்கம்தானே பிள்ளை. உன்ரை அக்காவுக்கு மாசம் மாசம் சொல்லுறனான்."

அக்கா சுளகைக் கீழே வைத்தாள். "உது பேப்பரிலை வருமோ?"

"வரும் எண்டுதான் நினைக்கிறன்" என்றேன்.

"எந்தப் பக்கத்திலை? மரண அறிவித்தல் பக்கத்திலையோ?"

"அக்கா, இது வெக்கப்படுற விசயமில்லை. உலகம் முழுக்கச் செய்யினம்."

"உலகம் மணவறை போடுறேல்லையடி. விசர்க்கதை கதைக்காதை. வங்குரோத்தானவன்ரை மணவறையிலை ஆர் தங்கடை பிள்ளையை இருத்துவினம்? தாலி கட்டுற இடம். வாற சம்பந்தி முதல்லை அதைத்தான் கேக்கும், ஆர் மணவறைக்காரன் எண்டு."

இந்தக் கேள்வி எந்த நாட்டின் சட்டத்திலும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் எத்தனை பேருக்கும் கடன்காரராக இருக்கலாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, அந்தக் காசில் பெரியபிள்ளையான மகளின் சாமத்திய வீட்டுக்கு யானை பிடிக்கலாம். அதற்குப் பெயர் கெட்டித்தனம். வரி கட்டுகிறவருக்குப் பெயர் சுழியில்லாதவர், பிழைக்கத் தெரியாதவர். ஆனால் "என்னால் ஏலாது" என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னால் போதும், அந்த மனிதர் தொட்ட தேங்காய்கூட அழுகிவிடும் என்று சனம் நினைக்கும். இதை நான் அக்காவிடம் விளக்கமாகச் சொன்னேன். "உதைத்தானே நானும் சொல்லுறன்" என்றாள்.

அத்தானோ அதற்குள் என் பக்கம் வந்துவிட்டார். அவர் கண்ணில் இன்னும் அந்தச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி சட்டத்தரணி. யாழ்ப்பாணம் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்ன அறை. அவளிடம் அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை முழுவதும் கேட்டுவிட்டு, அவள் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள்.

"அண்ணை, ஆர் ஆருக்கு நீங்கள் காசு குடுக்க வேணும்?"

"ஒருத்தருக்கும் இல்லைத் தங்கச்சி" என்றார் அத்தான் பெருமையாக. "அரசாங்கத்துக்கு மட்டும்தான்."

"அப்ப உங்களிட்டைக் காசு கேக்கிறவர் ஒரே ஒருத்தர். சட்டம் எழுதினவரும் அவர்தான்."

அத்தான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் சொன்னதன் சாரம் இதுதான். வங்குரோத்துக்கு இங்கேயும் சட்டம் உண்டு, வெள்ளைக்காரன் காலத்தது. மனு போட்டால் அரசாங்க வர்த்தமானிப் பத்திரிகையில் வரும். உடைமைகளை நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர் கையில் எடுத்து, விற்று, கொடுக்க வேண்டியவர்களுக்குப் பங்கிடுவார். அந்த வரிசையில் அரசாங்கத்தை ஒருவரும் பின்னால் தள்ள மாட்டார்கள். எல்லாம் முடிந்து கடனிலிருந்து விடுதலை கிடைத்தாலும், வரிப் பாக்கி கனடாவில் கழுவப்பட்டது போல இங்கே கழுவப்படும் என்று அவள் நம்பவில்லை.

"பொறு" என்றேன் நான். "முதல்லை எதை விப்பினம்?"

"அண்ணையிட்டை என்ன இருக்கு?"

"லொறி" என்றார் அத்தான்.

"அதைத்தான்."

லொறியைக் காப்பாற்றத்தான் நாங்கள் வந்திருந்தோம். என் திட்டத்தின்படி அதை வரிக் கந்தோர் எடுக்கத் தேவையில்லை. நாங்களே கழுவித் துடைத்து, டீசல் அடித்து, நீதிமன்ற வாசலில் கொண்டுபோய் விட்டிருப்போம்.

"மச்சி, நீ நல்லாப் படிச்சிருக்கிறாய்" என்றாள் சட்டத்தரணி. "ஆனால் வேறை நாட்டுக்குப் படிச்சிட்டாய். அதோடை இன்னொண்டு. வரேக்கை உங்கடை கோயில் வாசலைக் கடந்துதான் வந்தனான். அண்ணை ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறார், கலர் பனரிலை. அந்தப் பனரோடை எந்தக் கோட்டிலை போய் ஏழை எண்டு சொல்லப் போறியள்?"

அது அத்தானின் திருவிழா உபயத்துக்கான பனர். திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் பொறுப்பெடுத்துச் செலவு செய்யும். ஏழாம் நாள் எங்கள் அத்தானுடையது, அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே. காலையில் அபிஷேகம். இரவில் சாத்துப்படி, நாலு கூட்டு மேளம், வாணவேடிக்கை, இரண்டு வருடமாக ட்ரோனிலிருந்து பூச்சொரிதல். அந்த ஓர் இரவில் போகும் காசு ஒரு சின்னக் கலியாணத்துக்குக் காணும்.

அன்று பின்னேரமே வரிக் கந்தோருக்குப் போனோம், என் அவசரத்தில்தான். வீட்டுக்கு வந்து லொறியைப் படமெடுத்த அதே உத்தியோகத்தர் இருந்தார். எங்கள் பக்கத்து ஆள். சட்டைப் பையில் இரண்டு பேனை, நெற்றியில் காலையில் பூசிய திருநீற்றின் மிச்சம். நான் கதிரை நுனியில் இருந்தபடி, நாடே வங்குரோத்தான காலத்தில் சாதாரண மனிதர்களை இப்படி நெருக்குவது எந்தப் பொருளியல் என்று கேட்டேன்.

"தங்கச்சி, நாடு வங்குரோத்தானபடியாத்தான் நாங்கள் உங்கடை வீட்டு வாசலிலை நிக்கிறம். முந்தியெண்டால் ஆர் வந்தது?"

நான் கதிரை நுனியிலிருந்து பின்னுக்கு நகர்ந்து இருந்தேன்.

அவர் அத்தான் பக்கம் திரும்பினார். "அண்ணை, தவணை முறையிலை கட்டலாம். தண்டத்தைக் குறைக்கச் சொல்லி எழுதித் தாங்கோ, நான் மேலை அனுப்பிறன், முடிவு என்ரை கையிலை இல்லை. ஆனால் முதல் தவணை வாற மாசம் பிறக்க முதல் விழ வேணும். விழுந்தால் லொறியைத் தொட மாட்டம். விழாட்டி, என்னோடை கோவிக்காதையுங்கோ."

"ஐயா, இப்ப கையிலை ஒரு சதம் இல்லை."

"போன வருசம் உங்கடை திருவிழாவுக்கு நான் குடும்பத்தோடை வந்தனான் அண்ணை. என்ரை சின்னவள் ட்ரோன் பூவிலை ரெண்டு எடுத்துக் கொப்பிக்குள்ளை வைச்சிருக்கிறாள்."

அத்தானின் முகத்தில் ஒரு கணம் மகிழ்ச்சி வந்ததை நான் பார்த்தேன். வரி கேட்கும் ஆள் தன் திருவிழாவைப் புகழ்கிறார் என்றுதான் அவருக்குப் பட்டது. "இந்த முறை இன்னும் வடிவாச் செய்யிறம். கட்டாயம் வாங்கோ" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்தக் காசு என்னெண்டு வருது?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

"அது சாமியின்ரை காசு."

"சாமி உழைச்சதோ அண்ணை? மணவறை போட்டதோ?"

வெளியில் வந்து லொறியில் ஏறி, பரமேஸ்வராச் சந்தி வரைக்கும் வந்தோம். கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தவணையும் ஏழாம் திருவிழாவின் இரவுச் செலவும் ஏறத்தாழ ஒரே தொகை. இதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. அத்தானுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் வாய் திறக்க முன்னமே அவர் சொன்னார்:

"அதைக் கதைக்காதை பிள்ளை."

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே."

"நீ நினைக்கிறது இஞ்சை வரைக்கும் கேக்குது. இந்த முறை விட்டால் உரும்பிராயான் எடுத்துப் போடுவான். பிறகு தரமாட்டான்."

உரும்பிராயார் என்பவரும் மணவறைக்காரர். அவருடைய தாய் எங்கள் ஊர்ப் பெண் என்பதால் கோயிலில் அவருக்கும் உரித்து உண்டு என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருப்பவர். ஒரு நாள் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் வரியை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அத்தான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் கனடா அண்ணை கதிரையில் சரிந்திருந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "இஞ்சத்தைச் சிஸ்டம் சரியில்லை" என்றார். சரி, சிஸ்டம் சரியாகும் வரைக்கும் முதல் தவணைக்குக் கைமாற்றாக ஏதும் தர ஏலுமா என்று கேட்டேன். அவர் பலாக்கொட்டையைத் துப்பினார்.

"எனக்கு அங்கை வீட்டு மோட்கேஜ் கடன் கழுத்தை நெரிக்குது. ஆனால் ட்ரோனுக்குப் பாதி நான் போடுவன். லைவ் விட்டால் ரொறன்ரோவிலை எங்கடை ஆக்கள் எல்லாம் பாப்பினம்."

"ட்ரோனுக்குப் போடுற பாதியை லொறிக்குப் போடுங்கோவன்."

"லொறியை ஆரடி லைவிலை பாக்கிறது?"

இவ்வளவு நேரமும் குசினி வாசலில் நின்ற அக்கா முற்றத்துக்கு வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணையையும் பார்க்கவில்லை. நேரே அத்தானிடம்தான் கதைத்தாள்.

"இஞ்சை பாருங்கோ. பேப்பரிலை வந்தால் வெக்கம் எண்டு நான்தான் சொன்னனான். திருவிழாவைக் குறைச்சால் வெக்கம் எண்டு நீங்கள் சொல்லுறியள். ரெண்டும் சரி. அவை லொறியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகேக்கை இந்த ஒழுங்கை முழுக்க மதிலாலை எட்டிப் பாக்கும். அது என்ன, திருவிழாவோ?"

"என்ரை அப்பரின்ரை நாளப்பா" என்றார் அத்தான்.

"ஓம். உங்கடை அப்பர் ட்ரோன் விட்டவரோ?"

அத்தான் எழுந்து போய் லொறியின் முன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. கொஞ்ச நேரம் துடைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டார்:

"காலமை அபிஷேகத்தை மட்டும் நாங்கள் வைச்சுக்கொண்டால்?"

என் மூளை மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஏழாம் நாளைப் பிரிக்கலாம். காலை அபிஷேகம் அத்தானுக்கு, அது அவருடைய தகப்பன் செய்தது போலவே, பெரிய செலவில்லாமல். இரவுத் திருவிழா இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் உரும்பிராயாருக்கு. நாள் கைமாறவில்லை, இரவல்தான் போகிறது. கோயில் பரிபாலன சபையின் முன்னால் சொல்லிக் கொடுத்தால், அடுத்த வருடம் அவர் மாட்டேன் என்று சொல்ல ஏலாது. அல்லது சொல்வார், அதை அடுத்த வருடம் பார்ப்போம். மிச்சப்படும் காசு நேரே முதல் தவணைக்கு. இது வங்குரோத்தும் இல்லை, கழுவுதலும் இல்லை. வரி அப்படியே இருக்கும், தவணை தவணையாக வருடக் கணக்கில் இழுபடும், எந்தப் பேப்பரும் இதற்கு முழுப்பக்க விளம்பரம் போடாது. ஆனால் மணவறை ஏறும், இறங்கும்.

கனடா அண்ணைக்குத் திட்டம் பிடிக்கவில்லை. உரும்பிராயாரின் லைவில் தன் முகம் வராது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

நாளை காலை அக்காவும் நானும் உரும்பிராய்க்குப் போகிறோம். அத்தான் கொண்டுபோய் விடுவார். படலைக்கு வெளியில்தான் நிற்பார், உள்ளே வரமாட்டார், கதைக்கவும் மாட்டார் என்று ஒப்பந்தம். உரும்பிராயார் சம்மதித்தால் அங்கிருந்தே சபைச் செயலாளர் வீடு, அங்கிருந்து வரிக் கந்தோர். சம்மதிக்காவிட்டால் வேறு உபயகாரர் ஒருவரைப் பிடிக்க எங்களுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அக்கா வாழைப்பழச் சீப்பு வாங்கி வைத்திருக்கிறாள், வெறுங்கையோடு போகக் கூடாதாம். இரவல் கேட்பதைத் தவிர இன்னொன்றும் அந்த வீட்டில் கேட்க இருக்கிறேன். அவருடைய வரிக் கணக்கை யார் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று. அதை எப்படிக் கேட்பது என்றுதான் இன்னும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அத்தானுக்குச் சொல்லவில்லை.